மூளை ஆக்சிஜன் மானிட்டர் வாங்கும் முன் எங்களையும் ஒரு வார்த்தை கேளுங்கள்

மருத்துவமனைக் கொள்முதல் குழுவினருக்கு வணக்கம்.

இது ஏதோ ஒரு மருத்துவமனையை மனதில் வைத்து எழுதும் மடல் இல்லை. பச்சிளங்குழந்தைகளுக்கு ஐசியு நடத்துகிற, அதற்குக் கருவி வாங்கக் கையெழுத்துப் போடுகிற எல்லாருக்கும்தான். அரசு மருத்துவமனையோ தனியாரோ, அந்த மேசையைச் சுற்றி யார் யார் உட்காருவார்கள் என்று எங்களுக்குத் தெரியும். நிர்வாகி, கணக்குப் பிரிவு, பயோமெடிக்கல் இன்ஜினியர், குழந்தை மருத்துவர், எதிரே லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு கம்பெனிப் பிரதிநிதி. அந்தக் கருவியை ராத்திரி முழுக்கப் பார்த்துக்கொண்டு நிற்கப் போகிற நர்ஸ் ஒருத்தி அங்கே உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. சரி, கூப்பிடவில்லை என்றால் எழுதியாவது வைப்போம் என்றுதான் இது.

இப்போது பல இடங்களில் கொட்டேஷன் கேட்கப்படுவது மூளை ஆக்சிஜன் மானிட்டருக்கு. என்ஐஆர்எஸ் என்பார்கள். குழந்தையின் நெற்றியில் ஒரு சென்சாரை ஒட்டினால் போதும், ஊசி குத்தாமல், ரத்தம் எடுக்காமல், மூளைத் திசுவில் ஆக்சிஜன் எவ்வளவு இருக்கிறது என்று நொடிக்கு நொடி எண் ஓடும். முக்கால் கிலோ எடையுள்ள குழந்தையிடமிருந்து ஒவ்வொரு முறையும் ஏபிஜிக்கு, அதாவது ரத்தத்தில் ஆக்சிஜனும் கரியமில வாயுவும் எவ்வளவு என்று பார்க்கும் சோதனைக்கு, ரத்தம் எடுக்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன், குத்தாமல் அளக்கிற எதுவும் எனக்குப் பிடிக்கும். அந்தக் குழந்தையின் உடம்பில் மொத்த ரத்தமே ஒரு டீ கிளாஸ் அளவுக்குக்கூட வராது. ஆகவே கருவிக்கு நான் எதிரி இல்லை. ஆனால் அது எதைச் சொல்லும், எதைச் சொல்லாது, அதற்குப் பின்னால் வேறு என்னென்ன வாங்க வேண்டும் என்பதெல்லாம் பிரதிநிதியின் ஸ்லைடில் வருவதில்லை.

முதலில் ஏற்கெனவே இருக்கும் பல்ஸ் ஆக்சிமீட்டரை எடுத்துக்கொள்வோம். குழந்தையின் கையிலோ பாதத்திலோ சுற்றி சிவப்பு வெளிச்சம் எரியுமே, அது. 1970களின் தொடக்கத்தில் ஜப்பானில் தகுவோ அவோயாகி என்ற பொறியாளர் கண்டுபிடித்த வழிதான் இன்றைக்கும் அதன் அடிப்படை. நாடித் துடிப்போடு சேர்ந்து கூடிக் குறைகிற ரத்தத்தை மட்டும் அது கணக்கில் எடுக்கும், அதாவது தமனி ரத்தத்தை. என்ஐஆர்எஸ் நாடியைப் பார்ப்பதே இல்லை. 700 முதல் 1,000 நானோமீட்டர் வரையிலான ஒளி தோலையும் எலும்பையும் தாண்டி உள்ளே போய்த் திரும்பும் என்று 1977இல் ஃபிரான்ஸ் யோப்சிஸ் காட்டினார். பச்சிளங்குழந்தையின் மண்டையோடு மெல்லியது என்பதால் அங்கே இது இன்னும் சுலபம். அப்படித் திரும்பும் ஒளி பார்த்துவிட்டு வரும் ரத்தத்தில் முக்கால் பங்குக்கு நெருக்கமானது சிரை ரத்தம். ரேஷன் கடைக்கு லாரியில் எத்தனை மூட்டை வந்து இறங்கியது என்று சொல்வது பல்ஸ் ஆக்சிமீட்டர், வீடுகளில் எல்லாரும் சாப்பிட்ட பிறகு பானையில் என்ன மிச்சம் என்று சொல்வது என்ஐஆர்எஸ். குறைமாதக் குழந்தைக்கு அந்த மிச்சம் பொதுவாக 55 முதல் 85 சதவீதம் வரை இருக்கலாம்.

இதில் நர்ஸுக்கு என்ன வேலை? குழந்தை வென்டிலேட்டரில் இருக்கிறது, பல்ஸ் ஆக்சிமீட்டர் 93இல் அசையாமல் நிற்கிறது, மூளை எண் மட்டும் 68இலிருந்து மெல்ல இறங்கி 54க்கு வந்துவிட்டது என்று வையுங்கள். முதலில் சென்சார் ஒட்டிக்கொண்டிருக்கிறதா, ஓரத்தில் வெளிச்சம் புகுகிறதா என்று பார்ப்போம். தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால் நேராக வைப்போம், ஏனென்றால் கழுத்து திரும்பினால் மூளையிலிருந்து ரத்தம் இறங்குவது தடைபடும். அப்புறம் வென்டிலேட்டர். நுரையீரல் கொஞ்சம் தேறியிருக்கும், செட்டிங் பழையபடியே இருக்கும், குழந்தை கரியமில வாயுவை அளவுக்கு மீறி வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். அந்த வாயு குறைந்தால் மூளையின் ரத்தக் குழாய்கள் சுருங்கும், கையில் ஆக்சிஜன் 93 இருந்து பயனில்லை. அதுவும் இல்லை என்றால் ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், மூடாமல் இருக்கும் டக்டஸ், அதாவது பிறந்த பிறகு மூட வேண்டிய, இதயத்துக்குப் பக்கத்து ரத்தக் குழாய். இதில் பாதியை நர்ஸே பார்த்துச் சரிசெய்யலாம், மீதிக்கு டாக்டரை எழுப்ப வேண்டும். எழுப்பினால் வந்து எக்கோ, அதாவது இதய ஸ்கேன், போட்டுப் பார்க்கத் தெரிந்தவர் அந்த நேரத்தில் கட்டடத்துக்குள் இருக்க வேண்டும். கொட்டேஷனில் இந்தக் கடைசி வரிக்கு விலை போட்டிருக்க மாட்டார்கள்.

இன்னொரு விஷயம், எண் கூடினால் நல்லது என்று எல்லாரும் நினைக்கிறார்கள். பிறக்கும்போது அழாமல், மூச்சுத் திணறிப் பிறந்து மூளை அடிபட்ட குழந்தைகளில் முதல் நாள் தாண்டியதும் சில சமயம் மூளை எண் 90க்கு மேலே போகும். அதைக் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு அப்பா சந்தோஷப்படுவார், புதிதாக வந்த நர்ஸும் சந்தோஷப்படுவாள். மானிட்டரில் அலாரம் கிடையாது, எல்லாம் பச்சை. ஆனால் மிச்சம் அவ்வளவு இருப்பதற்குக் காரணம் மூளை எடுத்துச் செலவு செய்யவே இல்லை என்பது. அந்த 92, பக்கத்துப் படுக்கையில் இருக்கும் 60ஐவிடக் கெட்ட சேதி. இதைப் படிக்கக் கற்றுக்கொடுக்காமல் கருவியை மட்டும் சுவரில் மாட்டினால், ஷிஃப்ட் மாறும்போது எழுதும் ஹேண்டோவரில் ‘மூளை ஆக்சிஜன் நன்றாக இருக்கிறது’ என்று எழுதி வைத்துவிட்டுப் போவார்கள். பெற்றோரிடம் அதை அப்படியே சொல்லவும் செய்வார்கள்.

சரி, பிரதிநிதி காட்டும் ஆய்வுக்கு வருவோம். சேஃப்பூஸ்சி என்று பெயர். ஐரோப்பாவில் 28 வாரத்துக்கு முன்னால் பிறந்த 166 குழந்தைகளை வைத்து நடந்த இரண்டாம் கட்ட ஆய்வு 2015இல் வெளிவந்தது. மூளை எண்ணைப் பார்த்துச் சிகிச்சையை மாற்றினால் எண் சரியான வரம்புக்கு வெளியே இருக்கும் நேரமும் அளவும் பாதிக்கும் கீழே குறைகிறது என்று அதில் தெரிந்தது. இந்தப் படம் ஸ்லைடில் கட்டாயம் இருக்கும். அடுத்து 17 நாடுகளில், 1,601 குழந்தைகளை வைத்து, பிறந்த 6 மணி நேரத்துக்குள் சென்சார் ஒட்டி 72 மணி நேரம் வைத்துப் பார்த்தார்கள். 2023இல் முடிவு வந்தது. இறந்தவர்களும் கடுமையான மூளைப் பாதிப்பு வந்தவர்களும் சேர்த்து, மூளை மானிட்டர் வைத்த பக்கம் 35.2 சதவீதம், வைக்காமல் வழக்கம்போல் பார்த்த பக்கம் 34.0 சதவீதம். அதாவது வித்தியாசம் இல்லை. இந்த ஸ்லைடை நான் எந்த டெமோவிலும் பார்த்ததில்லை. நீங்களே கேட்டு வாங்கிப் பாருங்கள்.

கருவி பொய் சொல்கிறது என்று இதற்கு அர்த்தமில்லை. எல்லாக் குறைமாதக் குழந்தைக்கும் ஒட்டிவிட்டால் உயிர் மிஞ்சும் என்று நம்பி வாங்காதீர்கள் என்றுதான் அர்த்தம். என் அனுபவத்தில் இது உதவுவது ஒருசில குழந்தைகளுக்கு. இதய அறுவை சிகிச்சைக்குக் காத்திருக்கிற குழந்தை, ரத்த ஓட்டம் குறைந்து ஷாக்கில் இருக்கிற குழந்தை, ரத்தம் ஏற்றலாமா இன்னும் ஒரு நாள் பொறுக்கலாமா என்று டாக்டர் யோசிக்கிற குழந்தை. அதற்கு ஒரு யூனிட்டுக்கு ஒன்றிரண்டு மானிட்டர் போதும், படுக்கைக்கு ஒன்று வேண்டாம். வயிற்றில் ஒட்டிக் குடல் ஆக்சிஜனும் பார்க்கலாம், குடல் அழுகலை முன்கூட்டியே கண்டுபிடிக்கலாம் என்று பிரதிநிதி ஆரம்பித்தால் பாதிதான் நம்புங்கள். குடலுக்குள் மலம், காற்று, அசைவு என்று அத்தனையும் குறுக்கே வரும், எண் அலைந்துகொண்டே இருக்கும்.

இப்போது நாங்கள் மட்டும் பார்க்கிற பக்கம். 27 வாரக் குழந்தையின் நெற்றி உங்கள் இரண்டு விரல் அகலம். அதன் மேல் மூக்கு வழியாகக் காற்றழுத்தம் கொடுக்கும் சிபாப் கருவியின் தொப்பி விளிம்பு இறங்கியிருக்கும், போட்டோதெரபிக்காக, அதாவது மஞ்சள் காமாலைக்கான விளக்குச் சிகிச்சைக்காக, கண்ணைக் கட்டிய பட்டை ஏறியிருக்கும். இரண்டுக்கும் நடுவில் மிஞ்சுகிற இடத்தில்தான் உங்கள் சென்சார் உட்கார வேண்டும். அந்த வயதில் தோலின் மேலடுக்கு இன்னும் கெட்டிப்படவில்லை, டேப்பைப் பிரித்தால் டேப்போடு தோலும் வரும். வெதுவெதுப்பான நீரில் நனைத்து, ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக, தோலை மறு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே எடுக்க வேண்டும். அடியில் சிலிகோன் படலமோ ஹைட்ரோகொல்லாய்டு ஒட்டோ வைத்துவிட்டு அதன் மேல் சென்சாரை வைத்தால் இந்தத் தொல்லை குறையும், பல கருவிகளில் எண்ணும் பெரிதாக மாறாது. ஒவ்வொரு ஷிஃப்டிலும் ஒரு முறையாவது சென்சாரைத் தூக்கி அடியில் சிவந்திருக்கிறதா, அழுந்தியிருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். போட்டோதெரபி விளக்கு எரிந்தால் சென்சார் மேல் வெளிச்சம் புகாத துணி போட வேண்டும். இத்தனைக்கும் நேரம் வேண்டும். நேரம் என்றால் ஆள்.

சென்சார் விலை ஆயிரங்களில் வரும், அதுவும் ஒரு குழந்தைக்கு ஒன்று, பயன்படுத்தினால் தூக்கிப் போட வேண்டியது. மானிட்டரை டெண்டரில் விலை குறைத்து, சில சமயம் இலவசமாகவேகூட கொடுத்துவிட்டு, கம்பெனி சம்பாதிப்பது இதில்தான். பட்ஜெட் மார்ச்சில் முடிந்துபோனால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியாவிட்டாலும் எங்களுக்குத் தெரியும். பசை போன சென்சாரை ஸ்பிரிட்டில் துடைத்து, மைக்ரோபோர் டேப் ஒட்டி, அடுத்த குழந்தைக்கு வைக்கச் சொல்வார்கள். தொற்றும் பரவும், எண்ணும் தப்பாக வரும். பெரியவர்களுக்கான சென்சார் மலிவாகக் கிடைக்கிறதே என்று அதை வாங்கிக் கொடுப்பதும் உண்டு. பச்சிளங்குழந்தை சென்சார் பெரியவர்கள் சென்சாரைவிடச் சுமார் 10 புள்ளி வரை கூடுதலாகக் காட்டும், ஒரு கம்பெனியின் 55 இன்னொரு கம்பெனியின் 55 ஆகாது. ஆய்வில் வைத்த 55 என்ற கோடே ஒரு குறிப்பிட்ட வகை சென்சாருக்குச் சொன்னதுதான். பாதி ஷிஃப்டில் சென்சாரை மாற்றிவிட்டுப் பழைய கோட்டிலேயே முடிவெடுத்தால் விளைவு குழந்தை தலையில்.

இதற்கு முன்னால் ஒரு பாடம் நமக்கு ஏற்கெனவே உண்டு. தோல் வழியாக ஆக்சிஜன் அளக்கும் பழைய மானிட்டர், 1970களில் ஜெர்மனியில் ஹூக் தம்பதியர் கொண்டுவந்தது. தோலில் ஒட்டும் மின்முனையை 43, 44 டிகிரிக்குச் சூடாக்கினால் அடியில் ரத்த ஓட்டம் பெருகும், ஆக்சிஜனும் கரியமில வாயுவும் வெளியே கசியும், அதை அளக்கும். நல்ல கருவிதான், குறிப்பாகக் கரியமில வாயுவுக்கு இன்றைக்கும் அதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் சூடு என்பதால் மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை இடம் மாற்ற வேண்டும், தவறினால் தோலில் வட்டமாகப் பொசுங்கும். ஒவ்வொரு முறையும் வாயு வைத்து அளவு சரிபார்க்க வேண்டும், மின்முனையின் படலத்தை அவ்வப்போது மாற்ற வேண்டும். நான் வேலை பார்த்த ஒரு மருத்துவமனையில் அந்த மெஷின் ஆடம்பரமாக வந்து இறங்கியது, ரிப்பன்கூட வெட்டினார்கள். கூட வந்த படலம் தீர்ந்ததும் ஸ்டோருக்கு இன்டென்ட் எழுதிக் கேட்டோம், ‘இது என்ன பொருள், ஸ்டோர் லிஸ்டில் இல்லையே’ என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். அப்புறம் அந்த மெஷின் மேல் டயப்பர் பாக்கெட் அடுக்கினோம், உயரம் வாகாக இருந்தது.

அடிப்படை ஒழுங்காக இருக்கும் இடத்தில்தான் இந்தப் புதிய எண் உதவும் என்பது என் கட்சி. நம் யூனிட்டுகள் பலவற்றில் அடிப்படை எப்படி இருக்கிறது என்று ஒரு நாள் ராத்திரி வந்து பாருங்கள். குறைமாதக் குழந்தைக்கு ஆக்சிஜன் கொடுக்கும்போது பல்ஸ் ஆக்சிமீட்டர் 90க்கும் 95க்கும் நடுவில் நிற்க வேண்டும். ஏறத்தாழ 5,000 குழந்தைகள் கலந்துகொண்ட ஐந்து பெரிய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துச் சொன்ன கணக்கு அது. இலக்கை 85 முதல் 89 என்று வைத்தால் இறப்பு கூடுகிறது, 91 முதல் 95 என்று வைத்தால் ஆக்சிஜன் மிகுதியால் வரும் விழித்திரைப் பாதிப்புக்குச் சிகிச்சை தேவைப்படுவது கூடுகிறது, இருந்தாலும் உயிர் முக்கியம் என்று மேலே இருக்கும் வரம்பை எடுத்துக்கொண்டார்கள். ஆகவே அலாரம் இரண்டு பக்கமும் இருக்க வேண்டும். கீழ்ப்பக்க அலாரம் அடித்தால் எல்லாரும் ஓடுவோம். மேல்பக்க அலாரத்தை 100க்கு ஏற்றி வாயை அடைத்து வைத்திருப்பார்கள், ஏனென்றால் அது ஓயாமல் கத்தும். ஓயாமல் கத்தக் காரணம், காற்றையும் ஆக்சிஜனையும் கலக்கும் பிளெண்டர் போதுமான எண்ணிக்கையில் இல்லை, சுவரிலிருந்து வரும் சுத்த ஆக்சிஜன் நேராகக் குழந்தைக்குப் போகிறது. நர்ஸ் நாபைத் திருகிக் குறைக்கலாம் என்றால் திருக நாபே இல்லை.

இதன் விலை என்ன என்று நீதிமன்றமே ஒரு முறை கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறது. 1996இல் சென்னை அரசு மருத்துவமனை ஒன்றில் குறைமாதத்தில் பிறந்த பெண் குழந்தைக்கு விழித்திரைப் பாதிப்பால் பார்வை போனது. உரிய நேரத்தில் கண் பரிசோதனை செய்யவில்லை, பெற்றோரை எச்சரிக்கவும் இல்லை என்று 2015இல் உச்ச நீதிமன்றம் சுமார் 1.8 கோடி ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. அந்தத் தொகைக்கு எத்தனை பிளெண்டர் வாங்கலாம் என்று கணக்குப் பிரிவுக்காரர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

பல்ஸ் ஆக்சிமீட்டரிலும் மலிவைப் பார்க்காதீர்கள். 2020இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வில், கறுப்பின நோயாளிகளுக்கு ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்திருந்தும் பல்ஸ் ஆக்சிமீட்டர் சரியாக இருப்பதாகக் காட்டிய சம்பவங்கள் வெள்ளையருக்கு நடந்ததைப்போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. குறைமாதக் குழந்தைகளிலும் நிறத்தைப் பொறுத்து வித்தியாசம் வருவதாகப் பின்னால் ஆய்வுகள் வந்தன. ஒளியை வைத்து அளக்கும் எந்தக் கருவிக்கும் இந்தக் கேள்வி உண்டு, மூளை மானிட்டருக்கும்தான். எந்த நிறத்துக் குழந்தைகளிடம் சோதித்தீர்கள் என்று பிரதிநிதியிடம் கேளுங்கள். பதில் வரும் வேகத்திலேயே பாதி தெரிந்துவிடும்.

வெளிநாட்டில் நல்லது என்று வந்ததெல்லாம் இங்கே வந்தும் நல்லதாகவே இருக்கும் என்று நினைப்பதிலும் கொஞ்சம் நிதானம் வேண்டும். மூச்சுத் திணறிப் பிறந்த குழந்தையின் உடலைக் குளிர்விக்கும் சிகிச்சை பணக்கார நாடுகளில் உயிர் காத்தது. இந்தியா, இலங்கை, வங்கதேசத்தில் ஏழு யூனிட்டுகளில் 408 குழந்தைகளிடம் பார்த்தபோது பலன் இல்லை, குளிர்வித்த பக்கம் இறப்பு கூடியது. ஹீலிக்ஸ் என்ற அந்த ஆய்வு 2021இல் வந்தது. டாக்டர்கள் இதைப்பற்றி இன்னும் விவாதிக்கிறார்கள், அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை. நம் குழந்தைகளிடம் பார்த்துவிட்டுச் செய்யுங்கள் என்று மட்டும் சொல்கிறேன்.

ஆள் விஷயத்துக்கு வந்துவிடுகிறேன், கோபப்படாதீர்கள். வென்டிலேட்டரில் இருக்கும் குழந்தைக்கு ஒரு நர்ஸ் என்று படிக்கும்போது சொல்லிக்கொடுத்தார்கள். நைட் டியூட்டியில் ஐந்தாறு குழந்தைக்கு ஒருத்தி நிற்கிறாள், அவளும் தொகுப்பூதியத்தில் இருப்பவளாக இருக்கலாம். பச்சிளங்குழந்தை ஐசியுவில், அதாவது என்ஐசியுவில், வேலை பழகி, குழந்தையின் நிறத்தைப் பார்த்தே ஏதோ சரியில்லை என்று சொல்லும் நிலைக்கு அவள் வரும்போது வேறு வார்டுக்கு மாற்றிவிடுவீர்கள், அல்லது அவளே வெளிநாட்டுக்குப் போய்விடுவாள். அவள் இடத்தில் புதிதாக வருகிறவள் முன்னால் இன்னொரு எண்ணையும் இன்னொரு அலாரத்தையும் வைக்கிறீர்கள். அலாரம் கூடக்கூடக் காது மரத்துப்போகும், இது யாருக்கும் நடக்கிறதுதான், சோம்பேறித்தனம் என்று மெமோ கொடுத்துத் தீர்க்க முடியாது.

ஆகவே கேட்பது இவ்வளவுதான். வாங்குவதாக இருந்தால், இரண்டு வருடத்துக்கான சென்சார் விலையை மானிட்டர் விலையோடு சேர்த்தே டெண்டரில் கேளுங்கள். சென்சாருக்கு அடியில் தோல் மேல் வைக்கும் படலத்தை ஸ்டோர் லிஸ்டில் இன்றைக்கே ஏற்றுங்கள். எண் எவ்வளவுக்குக் கீழே போனால் நர்ஸ் என்ன செய்வாள், எத்தனை நிமிடத்தில் யாரை அழைப்பாள் என்று ஒரு பக்கத்தில் எழுதி, டாக்டர்கள் கையெழுத்துப் போட்டு, படுக்கைக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். அந்தப் பக்கம் தயாராகும் வரை பில்லில் கையெழுத்து வேண்டாம். பிளெண்டர் இல்லாத யூனிட் என்றால் இந்த வருடம் பிளெண்டர் வாங்குங்கள், மூளை மானிட்டர் அடுத்த வருடம் பார்க்கலாம். குழுவில் ஒரு நர்ஸை உட்கார வையுங்கள், நர்சிங் சூப்பரின்டென்டன்டை மட்டும் கூப்பிட்டுவிட்டுக் கணக்குக் காட்டாதீர்கள், தினம் சென்சார் ஒட்டிப் பிரிக்கிற ஸ்டாஃப் நர்ஸாக இருக்கட்டும்.

டெமோவைக் காலை பத்து மணிக்கு ஏசி ஹாலில், பொம்மை தலையில் ஒட்டிக் காட்டுவதை விட்டுவிடுங்கள். பெற்றோரிடம் சொல்லி அனுமதி வாங்கி, யூனிட்டுக்குள், ஷிஃப்ட் மாறும் நேரத்தில், சிபாப் தொப்பி போட்ட குழந்தைக்குப் போட்டோதெரபி விளக்கு எரியும்போது, பிரதிநிதியையே ஒட்டச் சொல்லுங்கள். பிரிப்பதையும் அவரே செய்யட்டும். நைட் டியூட்டி முடிந்திருந்தாலும் நாங்கள் வீட்டுக்குப் போகாமல் நின்று பார்க்கிறோம்.

இப்படிக்கு,
என்ஐசியுவில் வேலை பார்க்கும் ஒரு ஸ்டாஃப் நர்ஸ்